பாதியாக வெட்டும் விதி

பேராசிரியை பூரணியைவிட அவருடைய ஆராய்ச்சி மாணவர் சிவநேசன் பத்து வயது மூத்தவர். கல்லூரியின் பெரிய கணினியை எல்லாத் துறைகளுக்கும் மணிக்கணக்கில் பங்கிட்டுக் கொடுப்பதும் சிவநேசன்தான். அதனாலேயே அவருக்கு நண்பர்கள் குறைவு.

அன்று காலை அக்கா மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டார்.

“ரெண்டு நாள் எடுத்துக்குங்க,” என்றார் பூரணி.

“சரிங்க மேடம்.” முகம் வாடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“வேற என்ன?”

“கம்ப்யூட்டர் நேரம் கேக்கறவங்க எல்லாரும் புளுகறாங்க மேடம். இருபது மணி நேர வேலைக்கு நாற்பது கேக்கறாங்க. அதான் யார் என்ன கேட்டாலும் பாதியா வெட்டிடறேன்.”

“வெண்ணிலா கேட்டதையுமா?”

சிவநேசன் தலையைச் சொறிந்தார். வெண்ணிலா ஆற்றங்கரைத் தெருக்களுக்கு வெள்ள வரைபடம் போடுகிறவள். மழைக்கு முன் அது கைக்கு வந்தால்தான் எந்தத் தெருவை முதலில் காலி செய்வது என்று தெரியும். தேவைப்பட்ட நாற்பது மணி நேரத்தை மட்டுமே கேட்டிருந்தாள். கிடைத்தது இருபது. கணக்கு பாதியில் நின்றுபோனது.

“இப்ப அவளும் எண்பது கேக்கறா மேடம். அவகூட இப்படி ஆயிட்டாளேன்னு மனசே ஆறலை. மத்தவங்க இருநூறுக்குப் போயிட்டாங்க. வரிசை நகரவே மாட்டேங்குது. மழை வேற வரப்போகுது. வெட்டாம விட்டா ஆயிரம் கேப்பாங்க!”

“கேட்டதைக் கொடுங்க. குறைவாக் கேட்டவங்களுக்கு முதல் இடம். கேட்ட நேரம் தீர்ந்தா வேலையை நிறுத்திடுங்க.”

சிவநேசன் யோசித்தார். கூட்டிக் கேட்டால் வரிசையின் கடைசியில் காத்திருக்க வேண்டும். குறைத்துக் கேட்டால் வேலை பாதியில் நிற்கும்.

“அப்ப உள்ளதைக் கேக்கறதுதான் லாபம்!”

“புளுகறவருக்கும் அதுதான் லாபம்.”

“வெண்ணிலாவை இப்பவே கூப்பிட்டு நாற்பதுன்னு மாத்திக் கேக்கச் சொல்றேன். வரைபடம் மழைக்கு முன்ன வந்துடும்.” எழுந்தவர் வாசலில் நின்றார். “ஆனாலும் அவ பொய் சொன்னது சொன்னதுதானே மேடம்?”

“கல்யாணத்துக்கு உங்களுக்கு நிஜமா எத்தனை நாள் வேணும்?”

“ரெண்டு.”

“ஏன் நாலு கேட்டீங்க?”

“நீங்க... எப்பவும் பாதியாக் குறைப்பீங்க.”

பூரணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அந்தப் பொய்யை என் கணக்குல எழுதிக்குங்க. வெண்ணிலா சொன்னதை உங்க கணக்குல.”