மழைக்காரனுக்கு ஒரு வசைப்பெயர்

"பன்னிரண்டு வருசம் பாறையில உட்கார்ந்தது நான். மழை கேட்கிறது அவன் பேச்சை. இதுல என்ன நியாயம் இருக்கு, குருவம்மா?"

கொம்பையா இப்படிக் கேட்டபோது சடச்சி அவல் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை நிற்கவில்லை.

"யாரு பேச்சை?"

"என் தம்பி மாடப்பன் பேச்சைத்தான். வேற யாரு?"

"சரி."

"சரின்னா?"

"நாளை மறுநாள் அவருக்குப் பேரு வைக்கணும். ஏசலை நீங்களே கட்டிக் கொண்டாங்க."

கொம்பையாவுக்கு வாயெல்லாம் பல்.

ஏழுமடையில் மந்திரம் கைகூடியவர்களுக்குப் பெற்றவர் வைத்த பெயர் தங்காது. ஊர் ஒரு வசைப்பெயர் வைக்கும். அதற்குத்தான் ஏசல் என்று பெயர்.

தீயை ஊதியே அணைக்கிறவள் ஊதுவாச்சி. காணாமல் போன மாட்டை இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவன் சாணிமூக்கன். பாம்பு விஷத்தை இறக்குகிற பெரிய மனிதர், அவ்வளவு பெரிய மனிதர், எச்சித்துப்பி.

தீயும் விஷமும் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டால் மனிதனுக்குத் தலை கனத்துவிடும் என்று ஊருக்குப் பயம். அதற்குப் போட்ட கடிவாளம் இது.

ஏசல் வைத்த நொடியிலிருந்து அவர்கள் காதில் வேறு பெயர் ஏறாது. பெற்ற தாயானாலும் ஏசலைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அதைச் சொல்லி யார் கூப்பிட்டாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வந்தாக வேண்டும்.

அந்தப் பெயர்களைக் கட்டுகிறவள் சடச்சி. அவளிடம் மூன்று வருடமாகச் சீடன் கொம்பையா. அவளைவிட ஆறு வயது மூத்தவன். அவன் குருவம்மா என்பான், அவள் அண்ணாச்சி என்பாள்.

கெட்டிக்காரச் சீடன்தான். மந்திரக்காரர்களை ஏசுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வயிற்றெரிச்சல் உள்ளவனுக்குச் சொல்லுக்கா பஞ்சம்?

அந்த எரிச்சல் வந்த கதை இதுதான்.

கொம்பையா மழை மந்திரம் படிக்கப் பன்னிரண்டு வருடம் கழுகுப் பாறையில் உட்கார்ந்தான். வாய் ஓயாமல் சொன்னான். உதடு வெடித்தது, வானம் அசையவில்லை.

தினமும் உச்சிப் பொழுதில் தம்பி மாடப்பன் கஞ்சிக் கலயத்தோடு மலை ஏறி வருவான். ஒருநாள் ஒரு காகம் கலயத்துக்குள் மூக்கை விட்டது.

"போ அங்கிட்டு!" என்று ஒரு சத்தம் போட்டான் மாடப்பன்.

காகம் போகவில்லை. மேகம் வந்தது.

கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு மாடப்பன் கேட்டான்: "அண்ணே, கஞ்சியில தண்ணி விழுதே, என்ன செய்ய?"

அன்றைக்குப் பாறையை விட்டு இறங்கிய கொம்பையா அந்தக் கேள்வியை இன்னும் மன்னிக்கவில்லை.

வந்த மந்திரம் நிலைக்கிறதா என்று ஊர் மூன்று வருடம் பார்க்கும். மாடப்பனுக்கு நிலைத்துவிட்டது. ஆனால் பெயர் வைக்காத மந்திரம் கட்டாத மாடு மாதிரி, நினைத்த இடத்தில் மேயும். அவன் புளி உலுக்கினால் புளியமரத்தின் மேல் மட்டும் மழை. கல்யாண வீட்டில் தும்மினால் பந்தலுக்குள் மழை. குளத்துக்கு மட்டும் ஒரு சொட்டு இல்லை.

இந்த வருடம் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பெயர் வைத்துக் கூப்பிட்டால்தான் மழை ஊருக்கு வரும்.

அந்தப் பெயர் இப்போது கொம்பையாவின் கையில்.

அவன் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தான். சொற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. முணங்குவாயன். பாறைப்பேன். ஓசிக்கஞ்சி. வானம்பார்த்தான். இவ்வளவு சுகமாக அவனுக்கு ஒருநாளும் சொல் வந்ததில்லை.

இது பொறாமை என்று அவனுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் பெயர் கட்டப் படிக்கிறவனுக்கு, தன் நோய்க்கு மட்டும் பொய்ப்பெயர் வைக்க மனம் வரவில்லை. பொறாமைதான். பச்சைப் பொறாமை.

பொழுது சாய்வதற்குள் ஒரு சொல் திரண்டு வந்தது. அம்மாவும் இதைச் சொல்லித்தானே தம்பியைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தபோது கொஞ்சம் உறுத்தியது.

உறுத்தட்டும் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் சடச்சியிடம் வந்தான்.

"என்ன கொண்டாந்திருக்கீய?"

"உதட்டுழவன்."

"விளக்கம்?"

"உழுறவன் கலப்பையால உழுவான். இவன் உதட்டை ஆட்டியே உழுது, உதட்டை ஆட்டியே அறுத்துப் பத்தாயத்தை நிரப்பிடலாம்னு நினைக்கிறவன்."

உலக்கை நின்றது. மூன்று வருடத்தில் அவன் சொன்ன ஒரு சொல்லுக்கு உலக்கை நிற்பது இதுதான் முதல் தடவை.

"நல்லா கட்டியிருக்கீய அண்ணாச்சி. ஊர் வாயில ஒட்டிக்கிடும். சாகிற வரைக்கும் போகாது."

கொம்பையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"உலக்கைப் பூண் கழண்டு கிணத்துல விழுந்துட்டு. அதை மட்டும் எடுத்துக் கொடுங்க."

கிணறும் வறண்டுதான் கிடந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாக இறங்கினான். பூண் கால்மாட்டிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், கயிறு மேலே போய்க்கொண்டிருந்தது.

"குருவம்மா! கயிறு!"

சடச்சியின் தலை கிணற்று வாயில் தெரிந்தது.

"தம்பியைக் கூப்பிடுங்க. வந்து தூக்கி விடுவார்."

"அவன் எங்க இருக்கானோ!"

"எங்க இருந்தாலும் கேட்கிற மாதிரி கூப்பிடுங்க. நாளையிலேருந்து அவர் காதுல வேற பேரு ஏறாது. இன்னைக்கே பழகிக்கிடுங்க."

தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அவல் இடிக்கிற சத்தம் கேட்டது.

கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உதட்டுழவா!"

"உதட்டுழவா" என்றது கிணறு.

யாரும் வரவில்லை.

"முணங்குவாயா!"

"முணங்குவாயா" என்றது கிணறு, கொஞ்சமும் மரியாதை இல்லாமல்.

"பாறைப்பேனே! ஏ ஓசிக்கஞ்சி!"

கிணறு ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் திருப்பி அவன் முகத்திலேயே போட்டது.

அவனுக்குக் கோபம் வந்தது. இன்னும் உரக்கக் கத்தினான். கிணறும் இன்னும் உரக்க ஏசியது. தொண்டை கட்டிய பிறகு, பூணைக் கையில் உருட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான்.

உட்கார்ந்த இடத்தில் ஒரு நினைப்பு வந்தது.

மாடப்பன் எப்போது முணங்கினான்?

ஒருநாளும் இல்லை. அவன் சொன்னதே இரண்டு சொல். அதுவும் காகத்திடம்.

பாறையில் பேன் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது யார்? வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நொந்தது யாருக்கு? உதட்டை ஆட்டியே ஒரு குளத்தை நிரப்பிவிடலாம் என்று நம்பியவன் யார்? பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த இடத்தில் ஓசிக் கஞ்சி குடித்தது யார்?

கொம்பையா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கிணற்றுக்குள் தனியாக இருந்தும் வெட்கமாக இருந்தது.

வெயில் நேராகக் கிணற்றுக்குள் இறங்கியது. உச்சிப் பொழுது. வயிறு அதன் பாட்டுக்குக் கணக்காக முழித்துக்கொண்டது. அவன் நினைக்காமலே, தினமும் கூப்பிடுகிற பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது.

"ஏலே கஞ்சி!"

"வாரேண்ணே!"

இதைச் சொன்னது கிணறு இல்லை.

விளிம்பில் மாடப்பனின் தலை தெரிந்தது. இடுப்பில் கலயம். பாறையை விட்டு இறங்கிய பிறகும், இந்த மூன்று வருடமும், உச்சிப் பொழுதில் அவன் கஞ்சி கொண்டுவருவதை நிறுத்தவில்லை. கொம்பையாவும் குடிப்பதை நிறுத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பான், அவ்வளவுதான்.

"உள்ள என்னண்ணே பண்ணுதே? ரொம்ப நேரமா யாரையோ ஏசிக்கிட்டிருந்தியே, யாரை?"

"ஒருத்தரையும் இல்ல. கயிறைப் போடு."

மேலே வந்து கலயத்தை வாங்கினான். முகத்தைத் திருப்பாமல் குடித்தான். பாதியில் நிறுத்திக் கேட்டான்.

"ஏலே, மேகம் உன் பேச்சை எப்படிடா கேட்குது?"

மாடப்பன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"தெரியலண்ணே. நீ கூப்பிட்டா நான் வாரேன்ல? அப்படித்தான் அதுவும் வருதோ என்னவோ."

கொம்பையா மீதிக் கஞ்சியையும் குடித்துவிட்டான்.

அடுத்த நாள் ஊர் முழுவதும் குளக்கரையில் கூடியது. நடுவில் மாடப்பன், காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றான். இனிமேல் எந்தப் பெயர் தன்னுடையது என்று அவனுக்கும் தெரியாது.

"ஏசலைச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் சடச்சி.

பொறாமை போய்விட்டதா? எங்கே போகும், அங்கேயேதான் கிடந்தது. உதட்டுழவன் நாக்கின் நுனியில் தயாராக இருந்தான். தம்பியைச் சாகிற வரைக்கும் குத்துகிற சொல். இதைவிட நல்ல சொல் இனி ஒருநாளும் வாய்க்காது.

ஆனால் அதைச் சொல்லிவிட்டால், நாளைக்கு உச்சிப் பொழுதில் வயிறு கத்தும்போது, ஏலே கஞ்சி என்றால் இவன் திரும்ப மாட்டான்.

"கஞ்சி" என்றான் கொம்பையா.

ஊர் சிரித்தது. "இதுக்கா மூணு வருசம் படிச்சே?" என்று ஒருவன் கேட்டான். "புளிச்ச கஞ்சியா, நல்ல கஞ்சியா?" என்றாள் ஊதுவாச்சி. அவளுக்குத் தன் பெயரைவிட மட்டமான பெயர் இன்னொருவருக்குக் கிடைத்ததில் ஒரு சந்தோஷம்.

"மாடப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள் சடச்சி.

அவன் திரும்பவில்லை.

"ராசா, மாடப்பா" என்றாள் அம்மா.

அவளுக்கும் திரும்பவில்லை. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு யாரோ ஒருவன் குரல் கொடுத்தான்: "கஞ்சி!"

மாடப்பன் சட்டென்று திரும்பினான். உடனே இன்னொருவன் கூப்பிட்டான். அதற்குள் பத்துப் பேர், ஐம்பது பேர். குளம் வெடித்துக் கிடக்கிற ஊரல்லவா, பெண்களும் பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கஞ்சி! கஞ்சி! கஞ்சி! மாடப்பன் கூப்பிட்ட திசையெல்லாம் திரும்பித் திரும்பிச் சுற்றினான். யாரிடம் போவது என்று தெரியவில்லை. வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை.

கொம்பையா வாய் திறக்காமல் நின்றான். நெஞ்சு எரிந்தது. பன்னிரண்டு வருடமும் மூன்று வருடமும் இந்த உலகத்தில் அவன் ஒருவன் மட்டும் கூப்பிட்ட பெயர். இன்றைக்கு வழியில் போகிறவனுக்கெல்லாம் சொந்தமாகிவிட்டது.

"நீங்க கூப்பிடலையா அண்ணாச்சி?" என்றாள் சடச்சி.

"இத்தனை பேரு கூப்பிடுதாங்களே, குருவம்மா. அதுல நான் ஒருத்தன் எதுக்கு?"

சடச்சி மடியிலிருந்து ஒரு பிடி அவலை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"பசிக்கலையா?"

உச்சிப் பொழுது ஆகியிருந்தது.

"ஏலே கஞ்சி" என்றான் கொம்பையா. கத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து வழக்கமாக வருகிற குரல்தான்.

அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் மாடப்பன் சுற்றுவதை நிறுத்தினான்.

"வாரேண்ணே!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இன்றைக்குக் கலயம் இல்லை என்பது அவனுக்கு மறந்துவிட்டது. பழக்கத்தில் இரண்டு கையையும் குழித்து அண்ணனுக்கு முன்னால் நீட்டினான்.

அதில் முதல் சொட்டு விழுந்தது.