பக்கத்து இடம்

"எலியேசரை என் பக்கத்துல புதைக்கக் கூடாது."

சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஞானதீபம், கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்குவதை நிறுத்தவில்லை.

"எலியேசர் செத்துட்டாரா?"

"இன்னும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாராம். இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்காரு."

"அப்ப இன்னும் இருக்காரு."

"இருக்காரு" என்றார் மாசிலாமணி, குறைப்பட்டுக்கொள்வது போல.

மாசிலாமணி தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உபதேசியாரைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஆனாலும் வேதத்தில் ஒரு சந்தேகம் என்றால் அவரிடம்தான் போவார். போய், பதில் பிடிக்காமல் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வருவார். மறுபடியும் போவார்.

ஆண்டவருடைய வருகைக்கு அந்த ஊரில் மாசிலாமணியைப் போல ஆயத்தமானவர் கிடையாது. சனிக்கிழமையே வேட்டி சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஆண்டவர் வந்துவிட்டால்?

தன் கல்லறையைக்கூடக் கட்டிவிட்டார். கிழக்கே கால் நீட்டிப் படுக்கிற மாதிரி. செத்தவர்கள் எழும் நாளில் எக்காளம் ஊதியதும் எழுந்து உட்கார்ந்தால், வருகிறவருடைய முகம் நேராகத் தெரிய வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் கல்லில் வெட்டியாகிவிட்டது. இன்னொரு தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அதற்குப் பக்கத்து இடம்தான் எலியேசருக்கு என்று அன்று காலை தெரிந்தது.

"அவருக்கும் உங்களுக்கும் என்ன?" என்று கேட்டார் உபதேசியார்.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? கோயில் அசன விருந்துல அவன்தான் கறி வெளம்புனான். சபையே பந்தியில உக்காந்திருக்கு. எல்லாருக்கும் கறி. என் எலையில மட்டும் எலும்பு."

"அகப்பையில வந்தது எலும்பாயிருக்கும்."

"என் எலைக்கு வரும்போது மட்டும் எப்படி வந்துச்சு?"

இதற்கு வேதத்தில் பதில் இல்லை. அந்த விருந்து நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"ஆண்டவர் வார நேரத்துல என் மனசு சுத்தமா இருக்கணும், உபதேசியாரே. எந்திரிச்சதும் அவன் மூஞ்சியில முழிச்சேன்னா எனக்குக் கோவம் வரும். கோவத்தோட அவரை எப்படிப் பாக்கது?"

கேலிக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்து போயிருந்தார்.

உபதேசியார் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். உள்ளே போய்க் கல்லறைத் தோட்டத்துச் சாவியை எடுத்து வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. ஒங்களுக்கு வேற இடம் பாப்போம்."

"கட்டுனது?"

"இடிச்சிட்டுக் கட்டிக்கிடலாம்."

மாசிலாமணி ஒத்துக்கொண்டார். அவ்வளவு வைராக்கியம்.

உச்சி வெயில். தேரிச் செம்மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது.

"இந்தா, இது நல்ல எடம். பக்கத்துல தங்கபாய் டீச்சர்."

"இந்தம்மாவா? பாட்டுப் பழகும்போது, 'மாசிலாமணி அண்ணன் மட்டும் வாய அசைச்சாப் போதும்'னு எல்லாரும் கேக்கச் சொன்னாவ."

"அப்ப இந்தப் பக்கம். கிறிஸ்துதாஸ்."

"இவன் சபைத் தேர்தல்ல எனக்கு ஓட்டுப் போடல."

"போட்டேன்னுதான் என்கிட்ட சொன்னாரு."

"என்கிட்டயும் சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

உபதேசியார் மேலே நடந்தார். வேப்ப மரத்தடியில் நின்றார். அங்கே நிழல் இருந்தது.

"இங்க?"

மாசிலாமணி கல்லில் இருந்த பெயரைப் படித்தார். அவருடைய சொந்த மைத்துனர்.

"மேல போவோம்" என்றார்.

ஒரு மூலையில் சின்னக் கல்லறை ஒன்று இருந்தது. காய்ச்சலில் போன குழந்தை. அதோடு அவருக்கு எந்தச் சண்டையும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு, பக்கத்தில் அந்தக் குழந்தையின் அப்பா தனக்கென்று இடம் சொல்லி வைத்திருப்பது ஞாபகம் வந்தது. அப்பாவோடு சண்டை.

தோட்டம் முடிந்துவிட்டது.

உபதேசியார் பின்பக்கக் கதவைத் திறந்து அவரை வெளியே அழைத்துப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் முள் நிறைந்த உடைமரங்கள். இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"இங்க ஒங்க பக்கத்துல யாருமே கெடையாது. கெழக்கையும் நல்லாப் பாக்கலாம்."

மாசிலாமணி கிழக்கே பார்த்தார். நன்றாகத்தான் தெரிந்தது. கண்ணுக்கு எட்டின மட்டும் மணல்.

திரும்பினார். உபதேசியாரைக் காணோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து பூட்டும் சத்தம் கேட்டது.

"உபதேசியாரே!"

"சொல்லுங்க."

"நான் வெளிய நிக்கேன்."

"ஆமா."

"கதவத் தெறங்க."

"உள்ள எல்லா எடத்துலயும் பக்கத்துல ஆள் இருக்கு, அண்ணாச்சி."

ஆடுகள் அவரைப் பார்த்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. எழுபது வயதுக்கு மேல் ஆன ஒரு மனிதர் கல்லறைத் தோட்டத்துக்குள் விடச் சொல்லிக் கதவைத் தட்டுவதை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் தட்டினார். இந்த மாதிரி ஒரு கதவுக்கு வெளியே நின்றுவிடக் கூடாது என்றுதானே வாழ்நாளெல்லாம் பயந்தார்.

"உபதேசியாரே, தயவுசெஞ்சு தெறங்க."

கதவு திறந்தது. உபதேசியார் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள். தன்னுடைய கல்லறைக்குப் பக்கத்தில் வந்ததும் மாசிலாமணிக்குப் பழைய சூடு திரும்பிவிட்டது.

"இவ்வளவு எடம் கெடக்கு. அவன இங்க கொண்டாந்து போடச் சொன்னது கமிட்டியில எவன்?"

"கமிட்டி சொல்லல. அவரே கேட்டு வாங்குனாரு."

"அவனா?"

"போன மாசம். எந்திரிச்சு நடமாடிட்டு இருக்கும்போதே வந்து கேட்டாரு."

"எதுக்காம்?"

"என்கிட்ட சொல்லல. இன்னும் இருக்காருல்லா, போய்க் கேளுங்க."

வீம்பு! செத்த பிறகும் விடமாட்டேன் என்கிற வீம்பு! மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். உபதேசியார் தோட்டத்தைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனார்.

எலியேசரின் மனைவி லீதியாள்தான் கதவைத் திறந்தாள். வந்திருப்பவரைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

எலியேசர் கட்டிலில் கிடந்தார். அசனத்தில் ஆளுயர அண்டாவைத் தனியாளாக இறக்கி வைக்கிறவர். இப்போது போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. கண் மட்டும் திரும்பியது.

மாசிலாமணி வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சில் பாதி அங்கேயே மறந்துவிட்டது. மீதியைக் கேட்டார்.

"என் பக்கத்து எடத்தக் கேட்டு வாங்குனது நீருதானா?"

"நாந்தான்."

"எதுக்கு? அங்க வந்தும் என்னையச் சீண்டதுக்கா?"

எலியேசர் தலையை அசைத்தார். பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும், அண்ணாச்சி. தெருவுல வந்தா மொகத்தத் திருப்பிக்கிடுதீய. கோயில்ல வந்தா கண்ண மூடி ஜெபம் பண்ண ஆரம்பிச்சிருதீய."

அது உண்மை.

"அங்கன்னா ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிப்போம்லா. பக்கத்துல இருந்தா, ஆண்டவர் நம்ம கிட்ட வந்து சேருததுக்குள்ள ஒரு வார்த்த கேட்டுரலாம்னு நெனச்சேன்."

லீதியாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாசிலாமணி உபதேசியாரைப் பார்க்கலாம் என்று திரும்பினார். அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி ஒன்று கிடந்தது. லீதியாள் அதைத் துடைத்து முன்னால் நகர்த்தினாள். மாசிலாமணி அதில் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்த கண்ணாடியைப் படுக்கப் போகிறவர் போல எடுத்து, நாற்காலியின் மேல் வைத்தார். கட்டிலின் விளிம்பில் கையை ஊன்றினார்.

"கொஞ்சம் தள்ளிப் படும், வே" என்றார்.