இதில் விழுந்தது யார்

சென்னியப்பருக்கு அன்று காலை உட்காரத் தெரியவில்லை.

நான் வைத்த டீ ஆறிப் போனது. இன்னொன்று வைத்தேன், அதுவும் ஆறியது. பனிக்காலத்தில் இந்த மலையில் பால் கிடைப்பதே குதிரைக்கொம்பு. எனக்கு எரிச்சல் வந்தது. பெரிய மனுஷர் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் கதிரேசன். உத்தராகண்டில், பனிச்சறுக்கு விளையாட ஆட்கள் வருகிற ஒரு மலையின் மேல் உலகம்மாள் அம்மாவின் குடில் இருக்கிறது. அங்கே அடுப்படி என் பொறுப்பு. அம்மாவுக்குச் சொந்த ஊர் தென்காசி. வயது நாற்பத்தைந்துதான். தினமும் காலையில் சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கி, கீழ் ஊரில் பால் வாங்கிக்கொண்டு, பின்பக்கப் பாதையில் ஏறி வருவார். உபதேசம் கேட்க வந்தவர்கள் இதைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். நானும் ஒரு தடவை அந்தப் பலகையில் ஏறி நின்றேன். நின்ற இடத்திலேயே விழுந்தேன். அதோடு சரி.

சென்னியப்பர் கோயம்புத்தூர்க்காரர். அறுபதை நெருங்குகிறார். குளிர்காலம் தவறாமல் வருகிற சீடர். அவர் தொழில்தான் வேடிக்கை. பனியையே பார்க்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்குக்கு பைண்டிங் செய்கிறார். பூட்ஸைப் பலகையோடு கவ்விப் பிடிக்கிற பொருள் அது. ஓடும்போது விடக் கூடாது. விழுந்தால் சட்டென்று விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் பலகை ஒரு பக்கம் இழுக்கும், உடம்பு ஒரு பக்கம் உருளும், நடுவில் கால் முறியும். 'நொய்யல்' என்று பேர் போட்டு வருகிற அவருடைய பைண்டிங்குக்கு வெளிநாட்டில் நல்ல மரியாதை.

அந்த மரியாதை சும்மா வரவில்லை. ஆரம்பத்தில், முதல் ஜோடியை ஷெட்டில் வைத்துக் காலில் மாட்டியது அவர் மனைவி மரகதம். மணலைக் கொட்டி அதில் விழுந்து பார்த்தார். பைண்டிங் விடவில்லை. கணுக்கால் போனது. இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார்.

அதிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் ஒரு பழக்கம். எந்த ஜோடியானாலும், அதைப் பூட்டிய ஆளே காலில் மாட்டிக்கொண்டு மணல் தொட்டியில் விழ வேண்டும். கால் விடுபட்டால், தன் பேரை அடிப்பக்கம் ஆணியால் கீறிவிட வேண்டும். அப்புறம்தான் சரக்கு வெளியே போகும். ஆயுத பூஜையன்று முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விழுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். வருஷா வருஷம் அவர் இதைச் சொல்லிச் சொல்லி, அந்த மணலில் நானே விழுந்து எழுந்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருஷம் அவர் அதைச் சொல்லவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி குடிலுக்கும் பாறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். குடிலில் போன் எடுக்காது. சரிவின் ஓரத்தில் இருக்கும் அந்தப் பாறை மேல் ஏறினால்தான் எடுக்கும். பதினோரு மணிக்கு அவருக்கு ஒரு அழைப்பு வர வேண்டும்.

அம்மா வாசலில், வெயிலில், பூட்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பாலுக்கு இன்னும் இறங்கவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்கார்றனுங்கம்மா." உட்காரவில்லை.

"நேத்து வந்ததுல இருந்து நடக்கீங்க. கால் வலிக்கலியா?"

"ஒரு கேள்விங்க."

"கேளுங்க."

"பேரு அதேதானுங்க. ஆளுக அதே ஆளுகதான். கட்டடமும் அதேதான். அப்புறம் எதுக்குங்க எனக்கு இருப்புக் கொள்ள மாட்டேங்குது?"

"என்ன நடந்துச்சு, முதல்ல அதைச் சொல்லுங்க."

கொட்டிவிட்டார். வெளிநாட்டில் ஒரு பெரிய குழுமம். பூட்ஸ் செய்கிற கம்பெனி, ஹெல்மெட் செய்கிற கம்பெனி, பலகை செய்கிற மூன்று கம்பெனிகள் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டிருக்கிறது. மிச்சம் பைண்டிங்தான். இப்போது நொய்யலைக் கேட்கிறது. பதினோரு மணிக்கு அவர் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்ல வேண்டும்.

"அவங்க பலகை செய்யற இடத்தைப் போய்ப் பாத்தனுங்கம்மா. அந்த மூணு கம்பெனியும் ஒரு காலத்துல ஒருத்தனை ஒருத்தன் கண்ணுல காண மாட்டான். இதுதான் ஒசத்தி, அதுதான் ஒசத்தின்னு பசங்க பனியில அடிச்சுக்குவானுங்க. இப்ப மூணும் ஒரே அச்சுல வருதுங்க. கடைசியில மூணு டப்பா பெயின்ட் வெச்சிருக்காங்க. சேப்பு, நீலம், கறுப்பு. அங்க வந்துதான் பலகைக்குப் பேரே வருதுங்க."

"வாங்குதவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்கானுங்க."

அம்மா சிரித்தார். சென்னியப்பருக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுதுல என்ன மாத்தணும்னு கேக்காங்க?"

"ஒண்ணும் பெருசா இல்லீங்க. ஸ்பிரிங் மட்டும் அவங்க பொது ஃபேக்டரியில இருந்து வரும். விலை கம்மி. நம்ம பூட்டிக் குடுத்தாப் போதும்."

"அப்புறம்?"

"மணல் தொட்டியை மூடச் சொல்றாங்க." பாறைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் விழுந்து எந்திரிக்கிறது நேரம் புடிக்குதாமுங்க. மெஷின் வெப்பாங்களாம். பத்து பெட்டிக்கு ஒரு பெட்டி எடுத்துப் பாத்துக்குவாங்களாம். அந்த மெஷினும் இன்னும் வந்து சேரலீங்க."

"மாட்டேன்னு சொன்னா?"

"கடைக்காரங்க பலகை, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அவங்ககிட்ட மொத்தமா எடுக்கறாங்க. என்னோட சரக்கைத் தனியா யாரு வாங்குவாங்க? ரெண்டு சீசன் தாக்குப் புடிப்பனுங்க. அதுக்கப்புறம் கேட்டை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். அத்தனை குடும்பம் என்னை நம்பி இருக்குதுங்க."

மனுஷர் நடிக்கவில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு ஆளையும் அவருக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். எனக்கே பாவமாக இருந்தது. டீயை நினைத்து எரிச்சல்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"மரகதம் அக்கா என்ன சொல்லுதாங்க?"

சென்னியப்பர் வாட்ச்சைப் பார்த்தார்.

"அவகிட்ட இன்னும் சொல்லலீங்கம்மா."

அம்மா பூட்ஸை எடுத்துக் காலில் மாட்டத் தொடங்கினார்.

"கதிரேசா, பால் தூக்கை எடுத்துட்டு வா. அப்படியே அண்ணாச்சி கொண்டு வந்த பலகையையும் எடு."

முந்தின நாள் சாயங்காலம் சென்னியப்பர் அம்மாவுக்குக் காணிக்கையாக ஒரு புது ஜோடி கொண்டு வந்திருந்தார். குழுமம் அனுப்பிய மாதிரிச் சரக்கு. பலகை அவர்களுடையது, அதன் மேல் அவர்கள் ஸ்பிரிங் போட்டுப் பூட்டிய நொய்யல் பைண்டிங். அதே பச்சை நிறம், அதே எழுத்து. பக்கத்தில் பழசை வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. பாருங்கம்மா, நம்மளுதேதான் என்று காட்டி, தன் கையாலேயே அம்மாவின் பூட்ஸ் அளவுக்கு அதைத் திருகி வைத்திருந்தார்.

நான் கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா பைண்டிங்கின் அடிப்பக்கத்தில், பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். சுவரில் சாத்தியிருந்த பழைய ஜோடியின் விளிம்பையும் அதேபோல் தடவினார். அதில் 'ஜோதிமணி' என்று கீறியிருக்கும். ஆறேழு குளிர்காலமாக அம்மாவைப் பாலுக்குக் கொண்டுபோய்க் கொண்டிருந்தது ஜோதிமணியின் பைண்டிங்தான். அந்தப் பெண்ணை நாங்கள் பார்த்ததில்லை. சில நாள் இறங்கும் முன் அம்மா, "வா ஜோதி, போவோம்" என்பார்.

"இதுல விழுந்தது யாரு அண்ணாச்சி?"

"இதுல நம்பர் மட்டும்தானுங்க இருக்கும்."

"நம்பரு விழுமா?"

சென்னியப்பர் பாறைப் பக்கம் திரும்பினார்.

அம்மா எழுந்தார். புது ஜோடியைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவின் விளிம்புக்கு நடந்தார். பனியில் பலகைகளைப் போட்டு, ஒரு காலை வைத்து மிதித்தார். 'டக்' என்று கவ்வியது. இன்னொரு காலையும் வைத்தார். அதுவும் கவ்வியது. நல்ல சத்தம், பழசை விட நல்ல சத்தம்.

"கச்சிதமா இருக்கு," என்றார். "தூக்கைக் குடு கதிரேசா."

நான் பால் தூக்கைக் கொடுத்தேன். அம்மா கைக்கோல்களை ஊன்றிக்கொண்டார்.

அந்தச் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதி தூரம் சாதுவாக இருக்கும். அப்புறம் ஒரு திருப்பம் வரும். அங்கே வெயில் படாது, பனி கெட்டித்துக் கண்ணாடி ஆகிக் கிடக்கும். அம்மாவே அங்கே எத்தனையோ தடவை விழுந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பலகை தனியாக ஓடும், அம்மா தனியாக எழுந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு அதைத் தேடிப் போவார்.

சென்னியப்பர் ஓடினார். அந்த வயசில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அம்மாவின் முன்னால் போய், இரண்டு பலகைக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"வேண்டாமுங்கம்மா."

"ஏன்?"

"பழசை மாட்டிக்குங்க."

"ஏன் அண்ணாச்சி? பேரு அதேதானே?"

"பேரு அதேதானுங்க."

"பச்சையும் அதேதானே?"

"அம்மா, இதை யாரும் விழுந்து பாக்கலீங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. "அந்தத் திருப்பத்துல இது விடலைன்னா என்னங்க பண்றது? கொஞ்சம் இருங்க. நான் மாட்டிட்டு முதல்ல விழுந்து பாத்துடறேன். அப்புறம் போங்க."

"நீங்க இந்த ஒரு ஜோடிக்கு விழுவீங்க."

"ஆமாங்க."

"அடுத்த ஜோடிக்கு?"

சென்னியப்பர் பனியில் மண்டியிட்டார். குனிந்து, அம்மாவின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டார். பைண்டிங்கின் பின்னால் இருக்கும் நெம்புகோலை அமுக்கிக் கழற்றிவிடப் பார்த்தார். அம்மா கைக்கோலின் நுனியால் அவர் கையை மெல்ல விலக்கினார்.

"விடுங்க அண்ணாச்சி. எத்தனை பேரு கால்லதான் குனிவீங்க?"

அந்த நேரம் பார்த்து பாறை மேல் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு அலைந்தால் சிக்னல் போய்விடும் என்று அங்கேயே ஒரு கல்லுக்கு மேல் வைத்துவிட்டு வந்திருந்தார். மலையில் சத்தம் தூரம் போகும். அடித்தது, நின்றது, மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

சென்னியப்பர் எழுந்தார். பாறையைப் பார்த்தார், அம்மாவின் காலைப் பார்த்தார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முழங்காலில் ஒட்டிய பனியோடு நின்றார்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. சரின்னு சொல்றதுங்களா, மாட்டேன்னு சொல்றதுங்களா?"

அம்மா தூக்கை முதுகுப் பையில் செருகி வாரை இழுத்துக் கட்டினார்.

"போய்ப் பேசுங்க. உங்களுக்கு எது தோணுதோ அதைச் சொல்லுங்க. சரின்னு சொன்னீங்கன்னா, அங்கன நின்னே ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்க. நான் இறங்கிருதேன்."

சென்னியப்பர் போனார். பாறை மேல் ஏறி இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தார். அங்கிருந்து எங்களை நன்றாகப் பார்க்கலாம். அம்மா விளிம்பில் முழங்காலைக் கொஞ்சம் மடித்து, கோல்களை ஊன்றி, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

அந்தப் பக்கம் யாரோ நிறையப் பேசினார்கள். சென்னியப்பர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அவருடைய வலது கை ஒரு தடவை அசைந்தது. மூக்கைத் துடைத்துக்கொள்ளத்தான். நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஆழமாக, முழங்கைவரை திணிக்கிறவர் மாதிரி விட்டுக்கொண்டார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார், 'நோ' என்பது மட்டும் என் காதில் விழுந்தது. நீளமாக ஒன்றும் இல்லை. போனை அணைத்துக் கல்லின் மேல் வைத்தார்.

அம்மா இன்னும் காத்திருந்தார்.

சென்னியப்பர் கையை வெளியே எடுக்கவில்லை. பனியைத் தட்டிவிடக்கூடச் செய்யாமல், அந்தப் பாறை மேலேயே உட்கார்ந்தார்.