ஒச்சம்மா கேட்ட ஒரே கேள்வி

சந்தையில் கடலை விற்கிற ஒச்சம்மாவின் காலை ஒரு கார் இடித்து முறித்துவிட்டு, நிற்காமல் போய்விட்டதாம். ஓட்டியவர் அரிசி ஆலை முதலாளி திருமேனி. சந்தையே பார்த்தது, ஆனால் அவருக்குப் பயந்து சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. ஆபரேஷன் செய்தால்தான் அவளால் நடக்க முடியும், நஷ்டஈடு வந்தால்தான் ஆபரேஷன். இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் தமயந்தி வழக்குப் போட்டாள்.

கோர்ட்டில் முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார். "அன்னைக்கு நான் அந்தப் பக்கமே போகலை. பார்த்த ஆளு ஒருத்தனைக் கூட்டியாரச் சொல்லுங்க."

ஒச்சம்மா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள்.

"ஐயா, நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்."

நீதிபதி தலையசைத்தார்.

"மொதலாளி, சந்தை சனம் பூரா பார்க்க, காரை விட்டு எறங்கி ஓடியாந்து, என் காலைப் புடிச்சுக்கிட்டுக் கேவிக் கேவி அழுதது நீங்கதானே?"

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "நானா? உன் காலையா? கார்க் கண்ணாடியைக்கூட நான் இறக்கலையே!"

நீதிபதி மெல்லக் கேட்டார்: "எப்போ இறக்கலை?"

தீர்ப்பு வாங்கி வெளியே வந்ததும் தமயந்தி சிரித்தாள். "நிஜமாவே அழுதிருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

"எறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே நான் கோர்ட்டுப் படி ஏறியிருக்க மாட்டேன் வக்கீலம்மா. சரி வாங்க, ஆபரேஷனுக்கு நாள் கேட்டுட்டுப் போவோம்."