காவலும் கெடுவும்

ஓர் அணைக்கட்டின் கணினிக்குள் காவல், கெடு என்று இரண்டு நிரல்கள் குடியிருந்தன. மலையிலிருந்து அளவுமானிகள் நொடிக்கு நொடி நீர்மட்டத்தைச் சொல்லி அனுப்பும். சேதி மெய்தானா என்று முத்திரை பார்ப்பது காவலின் வேலை. சேதி ஆறிப்போவதற்குள் காரியத்தை முடிக்க வைப்பது கெடுவின் வேலை. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் மலையில் பேய்மழை. ஒரு சேதி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"வெள்ளம் வருகிறது! மதகுகளைத் திறங்கள்!"

"முத்திரை எங்கே?" என்றது காவல்.

"இடி விழுந்ததில் போய்விட்டது."

"அப்படியானால் வாசலிலேயே நில்."

கெடு குதித்தது. "அணை உடைந்தால் ஊரே போய்விடும்! எச்சரிக்கைச் சங்கு ஊதக்கூட நேரமில்லை, திற! உன்னோடு மாரடித்தே என் ஆயுள் போகிறது."

"எவனோ விளையாட்டுக்கு அனுப்பிய பொய்யாக இருந்தால்? கீழே ஆற்று மணல்திட்டில் ஆட்கள் இருப்பார்களே."

இருந்தார்கள். மாசிலாமணியும் அவன் மனைவி அஞ்சுகமும் அங்கேதான் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார்கள். தூளியில் குழந்தை தூங்கியது.

காவல் யோசித்தது. "முத்திரை இல்லாத சேதிக்கு மதகைத் திறக்க மாட்டேன். சங்கை மட்டும் ஊதவிடுகிறேன். பொய்யென்றால் ஊருக்குக் காதுவலி, அவ்வளவுதான். அது ஊதி முடிவதற்குள் பக்கத்து அளவுமானியை விசாரித்துவிடுகிறேன்."

கெடு மிச்சமிருந்த நேரத்தைப் பார்த்தது. "சரி. அதற்குமேல் ஒரு நொடிகூடத் தரமாட்டேன்."

சங்கு அலறியது.

"ஏ புள்ள, கரையேறு!" என்று கத்திக்கொண்டே குழந்தையை வாரினான் மாசிலாமணி.

"ஐயோ, வாத்து?"

"அதுக்கு நீந்தத் தெரியும், உனக்குத் தெரியுமா? ஓடு!"

வெள்ளம் மெய்தான் என்றது பக்கத்து அளவுமானி. காவல் உடனே வழிவிட்டது. மதகுகள் திறந்தன. அணை தப்பியது. மணல்திட்டு இருந்த இடமே தெரியவில்லை.

கரையில் அஞ்சுகம் குழந்தையை இறுக்கிக்கொண்டு அணையைப் பார்த்துக் கும்பிட்டாள். "சங்கு ஊதின மகராசன் நல்லா இருக்கணும்."

அது கணினிக்குள் இரண்டுக்கும் கேட்டது.

"நீ விரட்டியிருக்காவிட்டால் நான் இன்னும் முத்திரையைத் தேடிக்கொண்டிருப்பேன்," என்றது காவல். "உனக்கு நன்றி."

"நன்றியை நான்தான் சொல்ல வேண்டும். என் நேரத்தையெல்லாம் நீ தின்கிறாய் என்று இத்தனை நாள் திட்டினேன். அந்த நேரத்தில்தான் இன்று ஒரு குழந்தை கரையேறியது."