பாசிப் பாறையும் பவானியும்

தாழம்புதருக்குப் பின்னால் கீரி வேலப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் நடந்து வந்த களைப்பு. காலில் முள். வயிற்றில் பசி. ஆனால் கண் மட்டும் ஓடைக்கரைப் பாறையை விட்டு அகலவில்லை.

பாறைமேல் ஒரு நீர்நாய்க் குட்டி நின்றது. கையில் ஒரு விளாங்காய். எதிரே கட்டையும் கையுமாக ஒரு குரங்குப் பயல்.

"எறிடி பவானி, எறி! இந்தத் தடவை காயை ஓடைக்கு அந்தப் பக்கம் அனுப்புறேன் பாரு!" என்று குரங்குப் பயல் கத்தினான்.

பாறை முழுக்கப் பாசி. பவானி கையை ஓங்கியதும் கால் லேசாக வழுக்கியது. விழாமல் இருக்க வாலைப் பாறைமேல் 'சளப்' என்று அடித்தாள். காய் நேராகப் போயிற்று. கட்டைக்கு ஒரு முழம் இருக்கும்போது திடீரென்று தலைகுப்புறக் கீழே இறங்கியது! குரங்குப் பயல் வீசிய வேகத்தில் தானே ஒரு சுற்றுச் சுற்றி ஓடையில் போய் விழுந்தான்.

வேலப்பனுக்கு மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "அடி ஆத்தி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

வேலப்பன் பெரிய காட்டு அணிக்கு ஆள் தேடுகிறவன். விளாங்காய் ஆட்டம் என்றால் அந்தப் பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் உயிர். ஒருவர் காயை எறிவார். எதிரே நிற்பவர் கட்டையால் அடிப்பார். அடித்துவிட்டால் மைதானத்தைச் சுற்றி நிற்கும் நாலு மரத்தையும் தொட்டு ஓடி வரலாம்; வந்து சேர்ந்தால் ஒரு புள்ளி. மூன்று முறை வீசியும் கட்டையில் காய் படாவிட்டால் போய் ஓரமாக உட்கார வேண்டியதுதான். சின்னக் காடுகளில் புதர் புதராக ஒளிந்திருந்து, கெட்டிக்காரக் குட்டிகளைக் கண்டுபிடித்துப் பெரிய காட்டுக்குக் கூட்டிப் போவான் வேலப்பன். அங்கே பயிற்சி கொடுப்பவர்கள் அவர்களைத் தேற்றி எடுப்பார்கள்.

இதில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. தேறாத குட்டியை, கூட்டி வந்தவனே திரும்ப நடத்திக்கொண்டு போய் அதன் தாயிடம் ஒப்படைக்க வேண்டும். இதுவரை வேலப்பன் ஒன்பது குட்டிகளை அப்படிக் கொண்டுபோய் விட்டிருக்கிறான். ஒன்பது தாய்மார் முகமும் அவன் மனதில் அப்படியே இருந்தது. பத்தாவது தடவை அந்த நடை நடக்க அவனுக்குத் தெம்பில்லை.

பவானியின் அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. வாயில் மீனைக் கவ்வியபடியே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மீனைக் கீழே வைத்தாள்.

"உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் அண்ணே. மேலோடைக்காரி மகன் முள்ளம்பன்றியைக் கூட்டிக்கிட்டுப் போனீங்களே! போகும்போது துள்ளிக்கிட்டுப் போனான். வந்தப்புறம் ஒரு காயைக்கூடத் தொட மாட்டேங்கிறான். ஏன்?"

வேலப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெரிய அணியில சேர்ந்தா சந்தோஷம்தான். சேராட்டியும் ஒண்ணும் குடி முழுகிடாது. ஆனா போற மாதிரியே என் பிள்ளை எனக்குத் திரும்பி வரணும். சொல்லிட்டேன்!"

"வருவா தங்கச்சி. என் பொறுப்பு!" என்றான் வேலப்பன். பவானியின் மணிக்கட்டில் ஆலமர நார் ஒன்றைக் கட்டினான். அதுதான் அணியில் எடுத்துக்கொண்டதற்கு அடையாளம்.

பெரிய காட்டு மைதானம் பாறைபோல் இறுகிய கட்டாந்தரை. நடுவில் அணித் தலைவர் கரடியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு இந்தப் பக்கம் நாரை, அந்தப் பக்கம் மயில். இரண்டு பேரும் பயிற்சி கொடுப்பவர்கள்.

"எங்கே, எறி பார்ப்போம்!" என்றார் கரடியார்.

பவானி எறிந்தாள். கட்டாந்தரையில் கால் அவ்வளவாக வழுக்கவில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் காலைக் கொஞ்சம் இழுத்து, வாலைத் தரையில் அடித்தாள். காய் கொஞ்சம் இறங்கியது.

"ஐயோ, என்ன கால் இது! எறியும்போது ஆடுதே!" என்று நாரை கழுத்தை நீட்டியது. "ஒத்தைக் கால்ல அசையாம நிக்கணும். என்னைப் பாரு. காலையிலிருந்து நிக்கிறேன், ஆடினேனா?"

"கால்கூடப் பரவாயில்லை. வாலைத் தரையில் போட்டு அடிக்கிறாளே, கண்ணால் பார்க்க முடியவில்லை!" என்று மயில் முகத்தைச் சுளித்தது. "வால் என்பது எவ்வளவு கௌரவமான விஷயம்!"

'அந்தக் கால் வழுக்கலும் வாலடியும்தானே அவள் வித்தை!' என்று சொல்ல வேலப்பன் வாயெடுத்தான்.

"ஐயா, அவ அங்கே பாறையில..."

"வேலப்பா!" என்று கரடியார் திரும்பினார். "கண்டுபிடிக்கிறது உன் வேலை. வளர்க்கிறது எங்க வேலை. முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க ஐயா." வேலப்பன் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினான். ஒன்பது தடவை விழுங்கிப் பழகிய தொண்டை அது. பெரியவர்கள் பேசும்போது இத்தனூண்டு கீரி குறுக்கே பேசலாமா?

மறுநாளே வேலை ஆரம்பமாகிவிட்டது. காலையில் நாரை ஒற்றைக் காலில் நிற்கவைத்தது. மாலையில் மயில் ஒரு கொடியை எடுத்து, பவானியின் வாலைச் சுருட்டி இடுப்போடு கட்டிவிட்டது. இரண்டு மாதம் இதே கூத்துத்தான். கடைசியில் பவானி காய் எறிந்தால் ஓவியம் மாதிரி இருந்தது! கால் அசையாது. உடம்பு ஆடாது. காய் கோடு போட்டது மாதிரி நேராகப் போகும்.

நேராகப் போகிற காயை அடிக்க என்ன கஷ்டம்? முதலில் மான் அடித்தது. பிறகு ஆடு அடித்தது. ஒருநாள் ஒரு முயல் அடித்துவிட்டு, நாலு மரத்தையும் தொட்டு, நடுவில் நின்று நாலு வாய் புல்லும் மேய்ந்துவிட்டு வந்து சேர்ந்தது!

"மாமா, எனக்கு எறியவே வரலை போலிருக்கு," என்றாள் பவானி. "அங்கே ஓடையில எப்படி எறிஞ்சேன்னே இப்போ ஞாபகம் இல்லை."

வேலப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. 'எனக்கு ஞாபகம் இருக்கு பாப்பா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கரடியார் சற்றுத் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

மேட்டுக்காட்டு அணியோடு பந்தயம் வைத்த நாள் வந்தது. காடே திரண்டு வந்து மரக்கிளைகளில் தொற்றிக்கொண்டது. பெரிய காட்டு அணிக்கு எறிகிறவன் ஒரு கருங்குரங்கு. பயல் முந்தின நாள் பலாப்பழத்தை ஒரு கை பார்த்திருக்கிறான். பாதி ஆட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் ஓடியவன் திரும்பவே இல்லை.

கரடியார் பல்லைக் கடித்தார். "வேற ஆள் இல்லை. அந்த நீர்நாயை அனுப்புங்க! வேலப்பா, இதுதான் கடைசி. இன்னிக்கும் அடி வாங்கினா அவ கையில கட்டின ஆல நாரை அறுத்துடுவேன். நாளைக்குக் காலையில நீயே வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

பெரிய காடு ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. மேட்டுக்காட்டில் இன்னும் ஒருவர்தான் பாக்கி. அவர் காட்டுப்பன்றி வீரமலை. கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, புழுதி பறக்க வந்து நின்றார். ஏற்கனவே அவர் ஆள் ஒருத்தன் மூன்றாவது மரத்தடியில் ஓடத் தயாராக இருந்தான். வீரமலை கட்டையால் ஒரு அடி அடித்தால் போதும், இரண்டு பேரும் சுற்றி வந்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்தது!

"என்ன குட்டி, வாலைக் காணோமே! வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாயா?" என்று வீரமலை கேட்க, மேட்டுக்காட்டுக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பவானி எறிந்தாள். நேர் காய். வீரமலை ஓங்கி அடித்தார். காய் மரத்துக்கு மேலே பறந்தது! நல்லவேளை, எல்லைக்கு ஒரு சாண் வெளியே போய் விழுந்தது.

"செல்லாது! செல்லாது! மறுபடி எறியணும்!" என்று நடுவர் ஆமை தலையை நீட்டிச் சொன்னது.

அப்போதுதான் வேலப்பன் கவனித்தான். அடுத்த காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பவானி, வலது காலால் தரையைத் துழாவினாள். இப்படித் தேய்த்தாள். அப்படித் தேய்த்தாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தது.

அவள் என்ன தேடுகிறாள் என்று அந்த மைதானத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"கொஞ்சம் இருங்க!" என்று கத்தினான் வேலப்பன். வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தினான். குரல் கீச்சென்று வந்தது.

கத்திவிட்டு ஓட்டம் பிடித்தான். எங்கே? மைதானத்து ஓரக் குளத்துக்கு. தண்ணீர் என்றாலே அவனுக்கு ஆகாது. மழை வந்தால் மூன்று நாள் வளையைவிட்டு வரமாட்டான். இன்று கண்ணை மூடிக்கொண்டு தொபுக்கென்று குதித்தான். சொட்டச் சொட்ட ஓடிவந்து, பவானி நிற்கும் இடத்தில் விழுந்து புரண்டான். மறுபடி குளத்துக்கு ஓடினான். மறுபடி வந்து புரண்டான்.

"கீரிக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு!" என்று கிளையிலிருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

"வேலப்பா! என்னடா இது அசிங்கம்!" கரடியார் உறுமினார்.

"எறியற இடம் காய்ஞ்சுதான் இருக்கணும்னு விதி இருக்கா ஆமையாரே?" என்று வேலப்பன் மூச்சிரைக்கக் கேட்டான்.

ஆமை நிதானமாக யோசித்தது. அதற்குள் வேலப்பன் இன்னும் இரண்டு தடவை குளத்துக்குப் போய் வந்துவிட்டான்.

"அப்படி விதி ஒன்றும் இல்லை," என்றது ஆமை.

கட்டாந்தரை சேறாகிக் குழைந்திருந்தது. வேலப்பன் பவானியின் பின்னால் போய், இடுப்புக் கொடியைப் பல்லால் கடித்து அறுத்தான். வால் தொப்பென்று விழுந்தது. ஓரத்திலிருந்த மயில் 'ஐயையோ' என்று கண்ணைப் பொத்திக்கொண்டது.

"பாப்பா," என்றான் வேலப்பன். உடம்பெல்லாம் நடுங்கியது; குளிரும்தான், பயமும்தான். "வந்த அன்னிக்கே நான் வாயைத் திறந்திருக்கணும். பயந்துட்டேன். தப்பு உன்மேல இல்லைடா, என்மேல. இங்கே யாரு என்ன சொல்லிக் கொடுத்தாலும் அதை விடு. உங்க ஓடையில எறியற மாதிரி எறி."

பவானி சேற்றில் காலை வைத்தாள். கால் லேசாக வழுக்கியது. இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

கையை ஓங்கினாள். கால் வழுக்கியது. வால் 'சளப்'! வீரமலை முகமெல்லாம் சேறு. காய் நேராக வந்தது. அவர் ஆசையோடு வீசினார். காய் பொத்தென்று அவர் காலடியில் விழுந்தது.

"ஒன்று!" என்றது ஆமை.

சளப்! "இரண்டு!"

கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. வீரமலை முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, கட்டையை இறுக்கிப் பிடித்தார். பவானி கையை ஓங்கினாள். சளப்! அவர் வீசிய வீச்சில் கட்டை கையைவிட்டுப் பறந்தது. அவர் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிச் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மூன்று! ஆட்டம் முடிந்தது!"

காடே அதிர்ந்தது. பவானியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "எல்லாம் என் ஒற்றைக்கால் பயிற்சிதான்!" என்று நாரை போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டது.

கரடியார் மட்டும் வேலப்பனிடம் வந்தார். "என்ன சொல்லிக் கொடுத்தே அவளுக்கு?"

"ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலைங்க. தரையை நனைச்சேன், அவ்வளவுதான்," என்று சொல்லி வேலப்பன் தும்மினான். பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்தான். "இதுக்கு முந்தி ஒன்பது பேரைக் கூட்டி வந்தேன். அவங்களும் எறியத் தெரிஞ்சவங்கதான். என்ன பார்த்தேன்னு நான் உங்ககிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலை. இனிமே சொல்லுவேன். கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம்."

கரடியார் குனிந்து சேற்றைக் காலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். "நாளையிலிருந்து இந்த இடத்துக்குத் தினமும் தண்ணி ஊத்தச் சொல்றேன்," என்றார்.

மறுநாள் வேலப்பன் பவானியைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குக் கிளம்பினான். நார் அவள் கையில் பத்திரமாக இருந்தது. ஆனாலும் தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறதே!

அம்மா நீர்நாய் ஒரு விளாங்காயை எடுத்து மகளிடம் நீட்டினாள். பவானி பாசிப் பாறையில் ஏறினாள். கால் வழுக்கியது. சளப்!

"போன மாதிரியேதான் இருக்கா," என்றாள் அம்மா. கண் கலங்கியிருந்தது. "நாலு நாள் இருந்துட்டு வரட்டும். அப்புறம் நானே கொண்டுவந்து விடறேன் அண்ணே."

பெரிய காட்டுக்குத் திரும்ப மூன்று நாள் வழி. வேலப்பன் போய்ச் சேர எட்டு நாள் ஆயிற்று. வழியில் ஒன்பது வீடுகள் இருந்தனவே! முதல் வீடு மேலோடை முள்ளம்பன்றி வீடு. வாசலில் நின்ற தாயிடம் வேலப்பன் கைகூப்பினான்.

"தப்பு உன் பையன்மேல இல்லைம்மா, என்மேல. அவனைக் கொஞ்சம் கூப்பிடு. இங்கே அவன் எப்படி எறிவான்னு இன்னொரு தடவை பார்க்கணும்."

உள்ளே இருட்டில் முட்கள் சலசலத்தன. சற்று நேரம் கழித்து, வெகு நாளாக ஒரு காயையும் தொடாத அந்தப் பையன், கையில் ஒரு விளாங்காயோடு மெல்ல வெளியே வந்தான்.

பிறர் திறமையை வளர்க்க நினைப்பவர்கள், அதைத் திருத்தப் புறப்படுமுன் அது எந்த மண்ணில் எப்படி முளைத்தது என்று பார்க்க வேண்டும்; பார்த்தவர்கள் அதை வாய் திறந்து சொல்லவும் வேண்டும்.