அமாவாசையில் மீன் குழம்பு

கதை முடியும்வரை ஒருவரும் குறுக்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது. போன முறை இதைச் சொன்னபோது பாதியிலேயே மூன்று பேர் நீதிபதி ஆகிவிட்டார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆடி அமாவாசை தகப்பனை இழந்த பிள்ளைகளின் நாள். தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, தகப்பனுக்குப் படைத்த பிறகுதான் சாப்பிடுவார்கள். அன்றைக்கு மீன், இறைச்சி வீட்டுப் படியே ஏறாது. ஆனால் தகப்பன் உயிரோடு இருக்கிறவன் அந்த விரதத்தைப் பிடிக்கவே கூடாது. பிடித்தால், இருக்கிற மனுஷனைச் சாகச் சொன்ன மாதிரி.

கிளிநொச்சிப் பக்கம் தங்கேஸ்வரி என்று ஒருத்தி. அவள் புருஷன் நவரத்தினம் கடைசிச் சண்டையில் காணாமல் போனார். ஒரே மகன் சுகிர்தன் அதற்கு இரண்டு வருஷம் முந்தியே உயிர் தப்பி சுவிஸுக்குப் போய்விட்டான். அகதியாகப் போனவன் நினைத்தபடி திரும்பி வர முடியுமா? அங்கேயே கிடந்தான்.

சண்டை முடிந்து முகாமில் கிடந்தபோது தங்கேஸ்வரி கஞ்சியைக்கூடத் தொடவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால் ஆள் முடிந்திருப்பாள். அப்போதுதான் புருஷனின் தம்பி குணரத்தினம் வந்து சொன்னார்: "அண்ணையை ஆமிக்காரர் உயிரோட பஸ்ஸில ஏத்தினதை நான் கண்டனான், மச்சாள்."

அன்றைக்குக் கஞ்சி குடித்தாள். மறுநாள் தேடத் தொடங்கினாள். பதினைந்து வருஷம் தேடினாள் ஐயா, பதினைந்து வருஷம்! எந்த விசாரணைக்குக் கூப்பிட்டாலும் போனாள். மற்ற நாட்களில் பெருந்தெரு ஓரத்துத் தகரக் கொட்டிலில், அவளைப் போல ஆட்களைத் தொலைத்த பெண்களோடு, புருஷனின் படத்தை மடியில் வைத்தபடி இருந்தாள். பொட்டை அழிக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு ஊரெல்லாம் மரக்கறி வேக, இவள் மட்டும் வீம்புக்கு மீன் சமைப்பாள். சமைத்துவிட்டு மகனுக்குப் போன் எடுப்பாள்.

"என்ன சாப்பிட்டனி?"

"கோழிக்கறி, அம்மா."

"அதுதான் சரி" என்று வைத்துவிடுவாள்.

ஊரை விட்டுப் போன பதினேழாம் வருஷம் சுகிர்தனுக்கு சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்தது. வருகிறேன் என்றான். நாள் குறித்தது தாய்தான். ஆடி அமாவாசை விடியற்காலை விமானம் இறங்கியது. வான் பிடித்துக் கூட்டிக்கொண்டுவரச் சித்தப்பா குணரத்தினம் போயிருந்தார். பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிற்பாட்டினார்கள். கோப்பையைக் கையில் எடுத்த சித்தப்பா குடிக்காமல் திரும்பக் கீழே வைத்தார்.

"தம்பி, கொப்பர் பஸ் ஏறேல்லை. செல் குண்டு விழுந்து என்ர மடியிலதான் உயிர் போனது. பங்கர்க் குழிக்குள்ளேயே நான்தான் மண் போட்டுத் தாட்டனான். கொம்மா செத்துப்போகக் கூடாதெண்டு ஒரு பொய் சொன்னன். அது இவ்வளவு தூரம் போகும் எண்டு நான் கண்டனோ?"

சுகிர்தன் அவருடைய கையைப் பிடித்தான். "ஏன் அம்மாட்டச் சொல்லேல்லை?"

"வாய் வரேல்லையடா. இப்ப எனக்கு நெஞ்சு வருத்தம். நானும் போனால் இது ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும். இண்டைக்கு ஆடி அமாவாசை. பிள்ளை உனக்காவது தெரியவேணும்."

சொல்லிவிட்டு மனுஷன் அந்த ஆறின தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

மத்தியானம் கழிந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தாய் மகனைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதாள். முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு இலை போட்டாள். சோறு, விளைமீன் குழம்பு, விளைமீன் பொரியல்.

"எனக்கு விரதம் மச்சாள். எங்கட ஐயா செத்து முப்பது வரியம்" என்று சித்தப்பா முற்றத்துக்கு நழுவிவிட்டார். நல்ல சாட்டு!

சுகிர்தன் இலைக்கு முன்னால் இருந்தான். சாப்பிட்டால், ஒரு சொட்டு எள்ளுத்தண்ணீர்கூடக் கிடைக்காமல் மண்ணுக்குள் கிடக்கிற தகப்பனுக்குத் தெரிந்துகொண்டே செய்யும் துரோகம். சாப்பிடாவிட்டால், வந்து இறங்கின அன்றைக்கே பெத்த தாயின் பொட்டைத் தன் கையால் அழித்த மாதிரி. தாய் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிட்டான். "இன்னும் கொஞ்சம் விடுங்கோ அம்மா" என்றும் கேட்டான்.

தங்கேஸ்வரி குழம்பு விட்டாள். விட்டுவிட்டுப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"எனக்கும் ஏலாமப் போச்சு ராசா. கொட்டில்ல என்னோட இருந்த சனம் ஒவ்வொண்டாச் செத்துப்போகுது. சித்தப்பா பதினைஞ்சு வரியமா என்ர முகத்தைப் பாத்துக் கதைக்கிறேல்லை. அவருக்கு ஏதும் தெரிஞ்சால் உன்னட்டைச் சொல்லுவார், சொன்னால் நீ மீனில கை வைக்கமாட்டாய் எண்டு நினைச்சன். அப்பிடியெண்டால் கொப்பருக்கு ஒருக்கா வாய்விட்டு அழுதுபோட்டு, இனி வீட்டில இருப்பம் எண்டிருந்தன். நீ சாப்பிட்டிட்டாய். அப்ப கொப்பர் உயிரோட இருக்கிறார். நாளைக்குக் கொட்டிலுக்குப் போகவேணும்."

இப்போது சொல்லுங்கள் நீதிபதிமாரே. உயிரைக் காக்கப் பொய் சொன்ன சித்தப்பா, தாயைக் காக்க மீன் தின்ற மகன், இலை போட்டுச் சோதித்த தாய். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: என்னைக் கேட்டால் தங்கேஸ்வரி செய்ததுதான் சரி. சித்தப்பாவின் முதல் நாள் பொய்யை நான் மன்னிப்பேன். மறுநாளே அதைத் திருத்தாமல் விட்டதை மன்னிக்கமாட்டேன். தன் பாரத்தைத் தேத்தண்ணிக் கடையில் பிள்ளையின் தலையில் இறக்கிவிட்டு முற்றத்தில் போய் நின்றாரே, அதைச் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். மகனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் பிழை பிழைதான். நேரே பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் கையை விரித்த பிறகு, அவள் கடைசியில், தான் பெற்ற பிள்ளையிடம் கேட்டாள். அவனும் பாசத்தால் மறைத்துவிட்டான். சுகிர்தனுக்கு இன்னும் பத்து நாள் லீவு இருக்கிறது. போவதற்குள் சொல்வானா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.